மரத்தோட்டத்தில் ஒரு சிறு பாதை

ஐதராபாத் நகரின் நடுவே, நாம்பள்ளிப் பகுதியில், 1846-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தோட்டம் ஒன்று உள்ளது. அதன் பழம்பெயர் 'பாக்-எ-ஆம்' என்பதாகும். 'பாக்' என்றால் தோட்டம். 'ஆம்' என்றால் எல்லார்க்கும் உரியது. இன்று அது 'பப்ளிக் கார்டன்ஸ்' என வழங்குகின்றது. நிஜாம் ஆட்சிக் காலத்துப் பெயரும் இக்காலத்துப் பெயரும் சொல்லுவது ஒன்றே: இத்தோட்டம் பொது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் 'பொது' என்னும் சொல் சில ஆண்டுகளாக உறுத்தலாக இருந்து வருகின்றது. அரசு ஆவணங்களில் பொது இடங்களைப்பற்றி எழுதும்போது, அவை மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் எளிதில் சென்று பயன்கொள்ளத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்ற கருத்து அடிக்கடி வருகின்றது. அதனைத் தமிழில் சிலர் 'அணுகத்தக்க' என்கின்றனர். சிலர் 'தடையற்ற' என்கின்றனர். இரண்டில் எது பொருத்தம் என்று அலுவலகத்தில் நாங்கள் நெடுநேரம் விவாதித்தது உண்டு. அந்த விவாதத்திற்கு முடிவு கிடைத்தது அலுவலகத்தில் அன்று. ஒரு தோட்டத்தின் வாயிலில்.

நவம்பர் மாதத்து விடுமுறை நாளொன்றில் என் தாயாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு நகரிலுள்ள ஒரு பொது மரத்தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். என் தாயார் முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இலைகளையும் விதைகளையும் மேசைமேல் பரப்பிப் பாடம் சொன்னவர். மரங்களின் தமிழ்ப் பெயர்களில் எனக்கு ஐயம் எழும்போதெல்லாம் அகராதிக்கு முன்னர் அவரையே கேட்பது என் வழக்கம். மூட்டு நோயினால் இப்போது சக்கர நாற்காலியை நம்பியிருக்கின்றார். தோட்டத்தின் வாயிலில் மூன்று படிகள் இருந்தன. அவற்றுக்கப்பால், இருசக்கர வண்டிகள் நுழையாதிருக்க வேண்டி வளைத்து அமைத்த கம்பித் தடுப்பு ஒன்று இருந்தது. இருவர் சேர்ந்து நாற்காலியைப் படியேற்றிவிடலாம். அந்தத் தடுப்பினுள் நுழைக்க இயலாது.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா. நான் இங்கேயே இருக்கேன்" என்றார் அம்மா. நாங்கள் சென்று திரும்பியபோது மகள் உள்ளே உதிர்ந்து கிடந்த வெண்ணிறப் பூக்கள் சிலவற்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். முகர்ந்து பார்த்தார். "மரமல்லி. அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தியா? பட்டை தக்கை மாதிரி இருக்குமே" என்றார். மகள் தொட்டுப் பார்க்கவில்லை, திரும்ப ஓடினாள். மரம் இருந்தது வாயிலிலிருந்து அறுபதடித் தொலைவில். அதனை அறிந்தவர் வாயிலில் அமர்ந்திருந்தார். அறியாத நாங்கள் அதன்கீழ் நின்றுவிட்டு வந்திருந்தோம்.

இந்நிகழ்ச்சியைச் சொந்தக் குறையாக நான் இங்கு எழுதவில்லை. பொது மரத்தோட்டங்களைப் பேணும் களப்பணியாளர்களுக்கும், மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஒரு கருத்தினை முன்வைக்கவே எழுதுகின்றேன். ஒவ்வொரு பொது மரத்தோட்டத்திலும், நீரூற்றும் அலங்கார வளைவும் நீண்ட நடைபாதையும் அமைப்பதற்கு முன்னர், வாயிலில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நல்ல மரங்களைச் சுற்றி மீண்டும் வாயிலை அடையும் சிறு பாதை ஒன்றை, எவரும் தம் முயற்சியாலேயே சென்றுவரத்தக்க வகையில் அமைத்தல் வேண்டும். நானூறு மீட்டர் நீளமே போதும்.

யாருக்காக?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் இயக்கக் குறையுடையோர் ஏறத்தாழ 54 லட்சம். பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம். அதே கணக்கில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டனர். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய்மாரையும், அறுவை மருத்துவத்திற்குப் பின் தேறிவருவோரையும், கால் சுளுக்கிய மாணவனையும் எந்தக் கணக்கும் சேர்ப்பதில்லை. படியில்லாத பாதை இவர்கள் யாவர்க்கும் பயன்படும். நன்றாக நடப்பவர்க்கு அதனால் ஓர் இடையூறும் இல்லை.

ஐதராபாத் மெட்ரோ இரயிலின் சட்டமன்ற நிலையம், மேலே கூறிய நாம்பள்ளித் தோட்டத்திற்கு அருகிலேயே உள்ளது. அத்தடம் 2018-இல் பயன்பாட்டிற்கு வந்தது. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி உண்டு. ஆகவே சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர் நகரின் ஒரு கோடியிலிருந்து தோட்டத்தின் அண்மை வரை வந்து சேருவது இன்று இயலாத காரியமன்று. பயணம் என்பது ஒரு சங்கிலி போன்றது. பேருந்து, நிலையம், தெருவோர நடைபாதை, வாயில், உட்பாதை, மரத்தடி ஆகிய கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் மற்றவற்றுக்குச் செலவிட்ட பணம் அந்த மனிதரைப் பொறுத்தவரை வீணே. தோட்டத்துப் பணியாளர் கையில் உள்ளவை கடைசி மூன்று கண்ணிகள்.

பாதையின் அளவுகள்

இதற்குப் பெரும் பொறியியல் அறிவு வேண்டுவதில்லை. சில அளவுகளை நினைவிற் கொண்டால் போதும்.

முதலாவது, சரிவு. இருபது மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் உயர்வு என்பதற்கு மேற்படாத பாதையில் சக்கர நாற்காலியைத் தாமே செலுத்திச் செல்லலாம். அதைவிடச் செங்குத்தாக இருக்குமாயின் அது சாய்தளம் எனக் கருதப்பெறும். அதற்குக் கைப்பிடியும் இடையிடையே சமதளமும் வேண்டும். எவ்வாற்றானும் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவைத் தாண்டுதல் ஆகாது. பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியை நீக்க வேண்டுமாயின், இந்தக் கணக்குப்படி 1.8 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் தேவை. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டுச் 'சாய்தளம் அமைத்தோம்' என்று சொல்லுவது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

இரண்டாவது, அகலம். ஒரு நாற்காலி செல்ல 1.2 மீட்டரும், இரண்டு எதிரெதிரே கடந்து செல்ல 1.8 மீட்டரும், முழுவதும் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடமும் வேண்டும். வாயிலில் தூண் நட்டுத் தடுப்பதாயின் தூண்களுக்கிடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி விடல் வேண்டும். வண்டி நுழைந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் அதற்குத் தக்க மருந்து காவலரேயன்றி, மனிதரையும் சேர்த்துத் தடுக்கும் கம்பியன்று.

மூன்றாவது, தரை. மணலும் உருளைக் கற்களும் சக்கரத்தை விழுங்கும். சலவைக்கல் மழையில் வழுக்கும். தக்காணத்தில் எளிதிற் கிடைக்கும் மொரம் என்னும் செஞ்சரளையை நன்கு நனைத்து இறுக்கி அமைத்தால் உறுதியான தரை கிடைக்கும். நீரும் ஓரளவு உள்ளிறங்கும். எனினும் ஒவ்வொரு மழைக்காலத்திற்குப் பின்னும் அரிப்பைச் சரிசெய்தல் இன்றியமையாதது.

நான்காவது, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கவனம். வெள்ளைக் கைத்தடி தரையிலுள்ளதை அறிவிக்கும். முகத்துக்கு நேரே தாழ்ந்து நிற்கும் கிளையை அறிவிக்காது. ஆதலின் பாதையின்மேல் 2.1 மீட்டர் உயரம் வரை கிளைகள் இருத்தல் ஆகாது. பாதையின் இருமருங்கும் கைத்தடிக்குத் தட்டுப்படும்படி தாழ்ந்த கல்விளிம்பு வேண்டும். நாற்பது ஐம்பது தப்படிக்கு ஒரு முறை, சாய்வும் கைப்பிடியும் உள்ள இருக்கை ஒன்று நிழலில் வேண்டும். அதன் பக்கத்தில் நாற்காலி ஒன்று நிற்கவும் இடம் விடல் வேண்டும். உடன் வந்தவரோடு பக்கத்தில் அமர்ந்து பேசவே எவரும் விரும்புவர்.

மரத்திற்குத் தீங்கின்றி

பாதை அமைத்தால் மரத்தின் வேர் கெடாதோ என்று களப்பணியாளர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மரத்திற்கு உணவும் நீரும் ஈட்டும் மெல்லிய வேர்களிற் பெரும்பகுதி மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பரவியிருக்கின்றது. அவ்வேர்களுக்குக் காற்று வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடுவது மரத்தின் மூச்சை அடைப்பதற்கு ஒப்பாகும். மக்கள் தத்தம் விருப்பப்படி நடந்து மண்ணை மிதித்து இறுக்குவதும் அத்தகைய தீங்கே.

ஆகவே செப்பமாக அமைந்த ஒரு பாதை, மக்களின் காலடிகளை ஓரிடத்தில் ஒடுக்கி, மற்ற இடங்களிலுள்ள வேர்களைக் காக்கின்றது. வேர் குறுக்கிடும் இடத்தில் வேரை வெட்டாமல் பாதையை ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்க இயலாவிடின் சரளையை உயர்த்திப் பரப்பியோ, சிறு மரப்பலகைத் தளம் அமைத்தோ வேரின் மேலே கடத்தல் வேண்டும். அடிமரத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கென அத்தகைய தளம் ஓரிரு மரங்களிடத்தே அமையின் மிக நன்று. பெயர்ப்பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்டும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம். தனிக்கம்பம் ஒன்றில், நிற்பவரும் நாற்காலியில் அமர்ந்தவரும் ஒருங்கே படிக்கும் உயரத்தில் அதனைச் சாய்வாக வைத்தல் நன்று.

கையும் மூக்கும் கற்கும் பாடம்

மரங்களைக் கண்ணால் மட்டுமே அறியலாம் என்று எண்ணுவது தவறு. தேக்கிலையின் சொரசொரப்பு, வெண்மருதின் வழுவழுப்பான பட்டை, முதிராத இலவமரத்தின் கூம்பு முட்கள், ஆலின் விழுதுகள், அரசிலையின் நீண்ட நுனி, வில்வத் தளிரைக் கசக்கினால் வரும் மணம், புளியந்தளிரின் புளிப்பு என்பன கையும் மூக்கும் நாவும் கற்கும் பாடங்கள். தொடுவதற்குரிய மரங்களைத் தெரிந்தெடுக்கும்போது எச்சரிக்கையும் வேண்டும். அரளி நஞ்சுடையது, சேங்கொட்டையின் சாறு தோலைக் கொப்புளிக்கச் செய்யும், கள்ளிப்பால் கண்ணுக்குத் தீங்கு. இவை இப்பாதையின் ஓரத்தில் இருத்தல் ஆகாது.

பெயர்ப்பலகையில் தாவரவியற் பெயரும் குடும்பமும் மட்டும் எழுதினால் படிப்பவர் கடந்து சென்றுவிடுவர். மக்கள் வழங்கும் பெயர் முதலில் வருதல் வேண்டும். தமிழர் வன்னி என்பதைத் தெலுங்கர் ஜம்மி என்பர். அதுவே தெலங்கானாவின் மாநில மரம். நம் ஆவாரை அங்குத் தங்கேடு. அது மாநில மலர். புரசு அங்கு மோதுக. புளி அங்குச் சிந்த. பெயரோடு ஒரு செய்தியும் இருத்தல் நன்று. உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தை எடுத்துக்கொள்வோம். 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு பெருகி நகரை அழித்தபோது ஏறத்தாழ 150 பேர் அதன்மேல் ஏறி உயிர் தப்பினர். இந்த ஒரு வரியைப் படித்த சிறுவன் புளியமரத்தை மறப்பானா?

பிரெயில் எழுத்திலும் பலகை வேண்டும். இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்கப்பெற்றது. ஒத்த ஒலியுடைய எழுத்துகளுக்கு ஒரே புள்ளியமைப்பு என்பது அதன் சிறப்பு. தமிழ்ப் பிரெயில் கற்றவர் தெலுங்குப் பலகையிலுள்ள மரப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். கண்ணால் படிக்கும் நமக்கு இந்த வசதி இல்லை. ஆனால் ஒன்று. ஐதராபாத்தின் மே மாத வெயிலில் உலோகத் தகடு விரலைச் சுடும். பலகை நிழலில் இல்லையாயின் அது பார்வையுள்ளோர் பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே பயன்படும்.

சில மறுப்புகள்

பார்வையற்றோர்க்கெனத் தனித் தோட்டம் அமைக்கலாமே என்பர் சிலர். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் தாவரத் தோட்டத்தில் 1955-இலேயே நறுமணத் தோட்டம் ஒன்று அமைந்தது. நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும்படி பாத்திகள் உயர்த்தப்பெற்றன. கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் நகருக்கு அருகே 1967-இல் காட்டினுள் கயிற்றைப் பற்றிச் செல்லும் பிரெயில் பாதை தோன்றியது. அவை வழிகாட்டிய முயற்சிகள்; போற்றுதற்குரியவை. எனினும் என் கருத்தில், தனியே ஒரு மூலையை ஒதுக்குவதைவிட எல்லாரும் நடக்கும் முதற்பாதையையே தடையற்றதாக்குதல் சிறந்தது. பேரப்பிள்ளையும் பாட்டியும் ஒரே பாதையில் ஒரே மரத்தடிக்குச் செல்லுதல் வேண்டும்.

காட்டின் இயல்பு கெட்டுவிடும் என்பர் வேறு சிலர். நகரின் நடுவே இருந்தாலும் காசு பிரம்மானந்த ரெட்டி பூங்கா 1998 முதல் தேசியப் பூங்கா. அத்தகைய இடங்களில் மண்ணைக் கிளறுவதற்குச் சட்டத்தின் வரம்பு உண்டு, இருக்கவும் வேண்டும். கொண்டாப்பூரிலுள்ள கோட்ல விஜய பாஸ்கர ரெட்டி தாவரத் தோட்டம் போன்றவை மக்கள் கற்பதற்கென்றே அமைந்தவை. அங்கும் முழுப் பரப்பையும் செப்பனிடுமாறு யாரும் கேட்கவில்லை. கேட்பது ஒரு சுற்று. எஞ்சிய நிலம் பாறையும் புதருமாகவே இருக்கட்டும்.

அமைத்தாலும் நிலைக்காது என்பது மூன்றாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. சென்னை மெரினாக் கடற்கரையில் 2022 நவம்பர் மாத இறுதியில் 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை திறக்கப்பெற்றது. சக்கர நாற்காலியில் இருந்தோர் பலர் கடலலையின் அருகே வந்த காட்சி பலர் நெஞ்சை உருக்கிற்று. இரண்டு வாரத்திற்குள் மாண்டஸ் புயல் அதன் கடற்புறப் பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பெற்றது. இதனின்று நாம் கொள்ளவேண்டிய பாடம், அமைக்கும் செலவோடு பேணும் செலவையும் முதலிலேயே திட்டத்தில் எழுதிவிடுதல் வேண்டும் என்பதே.

சட்டமும் நாமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது. முன்னைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாயின. பொது இடங்கள் யாவர்க்கும் எட்டுவனவாய் இருத்தல் இரக்கத்தால் செய்யும் உதவியன்று, உரிமை என்பது இச்சட்டத்தின் கருத்து. 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இதற்கான அளவுமுறைகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாதல் வேண்டும் என்று கூறிற்று. அத்தீர்ப்புக்கு உதவிய ஆய்வறிக்கையை அளித்தது ஐதராபாத்திலுள்ள நால்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் என்பது இந்நகர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அவ்வறிக்கை பிறந்த நகரின் தோட்டங்கள் அதற்கேற்ப முதலில் மாறுவதன்றோ முறை?

ஆணை வரட்டும் என்று காத்திராமல் நாம் செய்யக்கூடியன சில உள. களப்பணியாளர் ஓர் அளவு நாடாவும் ரசமட்டமும் கொண்டு, வாயிலிலிருந்து முதற் பத்து மரங்கள் வரை உள்ள படிகளையும் சரிவுகளையும் இடுக்குகளையும் ஒரு தாளில் குறித்து மேலதிகாரிக்கு அனுப்பலாம். ஒரு முற்பகல் வேலை அது. ஆசிரியர், சரிவு என்னும் கணக்குப் பாடத்தை வகுப்பறையில் நடத்துவதற்குப் பதிலாகத் தோட்டத்து வாயிலில் நடத்தலாம். மாணவர் அளந்து எழுதிய பட்டியலும் பணியாளர்க்குப் பயன்படும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பயிற்சி பெரும்பாலும் விளையாட்டாகவே முடியும். அதனினும், பார்வையற்ற ஒருவரையும் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும் அழைத்து, அவர்கள் முன்னே செல்ல நாம் பின்னே சென்று, அவர்கள் நிற்குமிடத்தையெல்லாம் குறித்துக்கொள்வதே சரியான சோதனை.

'அணுகத்தக்க', 'தடையற்ற' என்னும் இரு சொற்களுள் இப்போது நான் இரண்டாவதையே எழுதி வருகின்றேன். அணுகும் வரை என் தாயாராலும் முடிந்தது. அவரை நிறுத்தியது தடை. அடுத்த மரமல்லிப் பருவத்திற்குள் அந்த வாயிலின் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும், கம்பித் தடுப்பில் ஒரு 90 சென்டிமீட்டர் இடைவெளியும், அறுபதடி நீளத்திற்குச் செஞ்சரளைத் தரையும் அமையுமாயின், அந்தத் தக்கைப் பட்டையை அவர் தம் கையாலேயே தொட்டுப் பார்த்துப் பேத்திக்குப் பாடம் சொல்லுவார். அவரைப்போல் எத்தனை ஆசிரியைகள் எத்தனை வாயில்களில் அமர்ந்திருக்கின்றனரோ, அவர்கள் அனைவர்க்காகவும் இதனை எழுதலானேன்.